இல்லை என்று சொன்ன வாழை

அந்தக் காலத்தில் வாழைகள் பேசும். கேட்டால் பதில் சொல்லும்.

ஜாவாத் தீவில் ஓயாமல் புகை விடும் ஒரு மலையின் அடிவாரத்தில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் யாரும் வாழையைக் கேட்காமல் வெட்டியதில்லை. அரிவாளை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தின் முன்னால் போய் நிற்பார்கள். "வெட்டலாமா?" என்பார்கள். "காய் இன்னும் முற்றவில்லை, அடுத்த சந்தை நாளில் வா" என்று மரம் சொல்லும். இல்லையென்றால், "என் வேலை முடிந்தது, வெட்டிக்கொள்" என்று சொல்லும். குலை ஈன்று முடித்த வாழைக்குச் சாவைப் பற்றி வருத்தம் கிடையாது. பக்கத்தில் கன்று நிற்கும்போது என்ன வருத்தம்? "வேண்டாம்" என்று மரம் சொல்லிவிட்டால் ஆள் திரும்பி நடப்பான். திரும்பாதவன் என்று ஒருவன்கூட அதுவரை இருந்ததில்லை.

ஒவ்வொரு வாழைக்கும் ஊரில் ஒரு வேலை இருந்தது. ராஜா வாழை கல்யாண வீட்டுக்கு. குலையோடு நிற்கும் இரண்டு மரங்களைக் கொண்டுவந்து வாசலின் இரு பக்கமும் கட்டாமல் அங்கே கல்யாணம் நடக்காது. கெப்போக் வாழையின் காய் பசிக்கு. அவித்துத் தின்றால் அரை நாள் தாங்கும். குளுத்துக் என்று ஒரு வாழை இருந்தது. அதன் இலை எந்தக் காற்றிலும் எளிதில் கிழியாது. சோற்றையும் மீனையும் அதில்தான் பொதிவார்கள். அதன் பழமோ வெண்ணெய். நடுவில் ஒரு பொட்டு விதைகூட இருக்காது. தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் அறியாத குழந்தையின் வாயில் முதன்முதலாக வைப்பது குளுத்துக் பழத்தைத்தான்.

அந்த ஊரில் பிணங்களைக் குளிப்பாட்டுகிறவள் லசியெம். சிறு வயதில் கொப்புளக் காய்ச்சல் கண்டு பிழைத்தவள். முகமெல்லாம் குழி. அவளைக் கட்டிக்கொள்ள யாரும் முன்வராமல், கடைசியில் தென்னைமரம் ஏறிப் பாளை சீவுகிற வோங்சோ வந்து கட்டிக்கொண்டான். மூன்று மகன்கள் பிறந்தார்கள். ஊரில் எல்லோரும் அவளைச் சிம்போக் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் பேச்சில் அம்மா என்று அர்த்தம்.

அவள் வீட்டுக்குப் பின்னால், கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில், ஒரு குளுத்துக் நின்றது. சாவு வீட்டிலிருந்து திரும்பியதும் லசியெம் அங்கேதான் கை கால் கழுவுவாள். கழுவிக்கொண்டே அன்று குளிப்பாட்டியது யாரை, எப்படி இறந்தார், யார் அழுதார்கள், யார் அழவில்லை என்று மரத்திடம் சொல்லுவாள். மரம் கேட்டுக்கொண்டிருக்கும்.

"அவனுடைய அண்ணன் வரவில்லையா?" என்று கேட்கும்.

"வந்தான். வாசலோடு நின்றுவிட்டான்."

"ஐயோ பாவம்" என்று சொல்லும்.

இப்படியே இருபத்தைந்து வருடம் போயிற்று. அந்த மரத்தின் தாயையும், தாயின் தாயையும், அதற்கும் முன்னால் அங்கே நின்றவற்றையும் லசியெம் அறிவாள். அவளுடைய மூன்று மகன்களும் அந்த வம்சத்துப் பழத்தைத்தான் முதலில் தின்றார்கள்.

பிணத்தைக் குளிப்பாட்ட அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டு ஆட்கள் மூன்று பேர் நீளப் பலகையில் காலை நீட்டி வரிசையாக உட்கார வேண்டும். இறந்தவரை அவர்கள் மடியில் கிடத்துவார்கள். முதல் மடியில் தலை, இரண்டாம் மடியில் இடுப்பு, மூன்றாம் மடியில் கால். அப்படியே தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். கணவன் இறந்தால் முதல் மடி மனைவியுடையது. பெற்றவள் மட்டும் பிள்ளையின் பிணத்துக்கு மடி கொடுக்கக் கூடாது. ஒருமுறை சுமந்த உடம்பு மறுபடி சுமந்தால், செத்தவன் திரும்ப வயிற்றுக்குள் போக வழி தேடுவான் என்று பயந்தார்கள். மடி கிடைக்காத உயிர் ஊரை விட்டுப் போகாது என்றும் நம்பினார்கள்.

ஒரு வருடம் மழை ஓய்ந்த சமயத்தில் கொப்புளக் காய்ச்சல் மறுபடி ஊருக்குள் வந்தது. மூன்று நாள் கொதிக்கும். நான்காம் நாள் உடம்பெல்லாம் கொப்புளம். பத்து நாளுக்குள் படுத்தவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். ஒருவர் இறந்தால் அவருக்கு மடி கொடுத்தவர்களும் அடுத்தடுத்துப் படுத்தார்கள். கொப்புளத்துத் தண்ணீர் வழிந்த மடியில்தான் முதலில் கொப்புளம் கிளம்பியது. எல்லோருடைய கண்ணுக்கும் அது தெரிந்தது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

வோங்சோ இறந்தான். இரண்டு மகன்களும் லசியெமும் மடி கொடுத்தார்கள். முன்பே ஒருமுறை கண்டு பிழைத்த லசியெமுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகன்கள் இருவரும் இரண்டு வாரத்துக்குள் அப்பனின் பக்கத்திலேயே மண்ணுக்குள் போனார்கள். அவர்களுக்கு மடி கொடுத்த பெரியப்பன் பிள்ளைகளும் போனார்கள். மூன்றாம் மகன் துகிரன் அப்போது மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருந்தான். செய்தி கேட்டு ஓடிவந்தவன் சின்ன அண்ணனுக்கு மடி கொடுத்தான். அவனும் படுத்தான்.

துகிரனின் மனைவி சுமிரா எட்டு மாதக் கர்ப்பிணி. அவளைக் கணவன் படுத்திருந்த அறைக்குள் லசியெம் விடவில்லை. தானே பார்த்துக்கொண்டாள். பாயில் படுத்தால் கொப்புளம் ஒட்டிக்கொண்டு தோல் உரிந்தது. துகிரன் கத்தினான். லசியெம் பின்பக்கம் போனாள்.

"இலை வேண்டும்" என்றாள்.

"யாருக்கு?" என்று குளுத்துக் கேட்டது.

"துகிரனுக்கு."

"எத்தனை வேண்டுமோ எடுத்துக்கொள்."

இலையை விரித்து அதன்மேல் அவனைக் கிடத்தினாள். இலை குளிர்ச்சியாக இருந்தது. தோலில் ஒட்டவில்லை. துகிரன் கத்துவதை நிறுத்தினான். மறுநாளும் இலை வேண்டியிருந்தது. அதற்கு மறுநாளும். ஐந்து நாளில் அந்த மரத்தில் இலையே இல்லாமல் போயிற்று. நடுவில் சுருண்ட குருத்து ஒன்று மட்டும் நின்றது. ஆறாம் நாள் காலையில் துகிரன் இறந்தான்.

ஊர்த்தலைவர் கெர்த்தோ வந்து வாசலில் நின்றார். நான்கு நாளாகத் தாடி மழிக்காத முகம்.

"பொழுது சாய்வதற்குள் மண்ணில் வைத்துவிட வேண்டும், சிம்போக். மடிக்கு யார்?"

"ஒருவரும் இல்லை."

"சுமிரா இருக்கிறாள். பக்கத்து வீட்டில் இரண்டு பேரை நான் கேட்டு அழைத்து வருகிறேன். முதல் மடி அவள்தான் கொடுக்க வேண்டும்."

"அவள் வயிற்றைப் பார்த்தீர்களா, தலைவரே?"

"பார்த்தேன்." அவர் தரையைப் பார்த்தார். "என் வீட்டிலும் மனைவி மடி கொடுத்தாள். எங்கள் பையனுக்கு இல்லை, என் தம்பிக்கு. எட்டாம் நாள் அவளைப் புதைத்தேன். நான் அவளைத் தடுத்தேனா?"

"தடுத்திருக்க வேண்டும்."

கெர்த்தோவுக்குக் கண் சிவந்தது. பிறகு, "ஒரு வீட்டுக்கு ஒரு நியாயம் என்று சொன்னால் நாளைக்கு யாருக்கும் யாரும் மடி கொடுக்க மாட்டார்கள். பிணங்கள் வீட்டிலேயே கிடக்கும். மதியத்துக்கு மேல் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுமிரா தலைமுடியை அவிழ்த்து விட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நீளப் பலகையைத் தானே இழுத்துக் கொண்டுவந்து வாசலில் போட்டாள்.

"நான் உட்காருகிறேன், சிம்போக். இத்தனை நாள் அவர் முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. தலையையாவது பிடித்துக்கொள்கிறேனே" என்றாள்.

சுமிரா பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். வயிறு தடுத்தது. பின்னால் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள். வயிற்றுக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலை வைக்கிற இடம் மட்டும் இருந்தது. லசியெம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துகிரனைத் தாங்கிய இலை அவள் ஞாபகத்துக்கு வந்தது. இலை தாங்கினால் மரமும் தாங்கும். மூன்று துண்டாக நறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மூன்று மடி. வழவழப்பு, குளிர்ச்சி. காய்ச்சல் வாழைக்கு என்ன செய்யும்?

ஈன்று முடித்த மரம் ஒன்று கிடைத்தால் போதும். அவள் ஊர் முழுவதும் தேடினாள். வயலில் வேலை செய்ய ஆள் இல்லாமல், அரிசி தீர்ந்துபோய், ஈன்று முடித்த மரங்களை எல்லாம் ஜனங்கள் எப்போதோ வெட்டித் தண்டை அவித்துத் தின்றுவிட்டார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் இரண்டு ராஜா வாழைகள் குலையோடு நின்றன.

"எங்களை ஒரு கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். வாக்குக் கொடுத்துவிட்டோம்" என்றன.

"அந்தப் பெண்ணைப் போன வாரம் நான்தான் குளிப்பாட்டினேன்" என்றாள் லசியெம்.

"எங்களிடம் யாரும் சொல்லவில்லையே" என்றது ஒன்று. "பையன் வீட்டார் வந்து சொல்லட்டும், அதுவரை நாங்கள் நிற்க வேண்டும்" என்றது மற்றொன்று. பையன் வீட்டிலும் யாரும் உயிரோடு இல்லை. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினாள்.

பின்பக்கம் போய்க் குளுத்துக்கின் முன்னால் நின்றாள். அரிவாள் இடுப்பில் இருந்தது.

"துகிரன் போய்விட்டான்" என்றாள்.

"தெரியும். சத்தம் நின்றுவிட்டது" என்றது மரம்.

"அவனுக்கு மடி வேண்டும். உன்னைக் கேட்க வந்திருக்கிறேன்."

மரம் மெதுவாகச் சொன்னது: "கொடுக்கலாம். இப்போது முடியாது, லசியெம். எனக்கு வயிற்றில் குலை இருக்கிறது. அடியிலிருந்து கிளம்பிவிட்டது. பாதி உயரம் வந்துவிட்டது. பதினைந்து நாளில் வெளியே தள்ளிவிடுவேன். காய் முற்றி முடிந்ததும் நீ கேட்கவே வேண்டாம்."

"இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வேண்டும். சுமிரா பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வயிற்றிலும் பிள்ளை இருக்கிறது."

"என் வயிற்றிலும் இருக்கிறது."

"என் வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம்."

"இலை கேட்டாய், கொடுத்தேன். இருந்ததெல்லாம் கொடுத்தேன். இது இலை இல்லை, லசியெம்."

"நான் என்ன செய்வது? நீயே சொல்."

"எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ என்னைக் கேட்டாய். நான் இல்லை என்கிறேன்."

லசியெம் திரும்பினாள். பத்தடி நடந்திருப்பாள். வாசல் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. கெர்த்தோ வந்துவிட்டார். "நகர்ந்து உட்கார், அம்மா. தலைக்கு இடம் விடு" என்று அவர் சுமிராவிடம் சொல்வது காதில் விழுந்தது. துகிரனைத் தூக்க ஆட்கள் உள்ளே போகும் காலடிச் சத்தமும் கேட்டது.

அவள் ஓடி வந்தாள். அரிவாளை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி மரத்தின் அடியில் வெட்டினாள்.

"லசியெம்," என்றது மரம், "நான் இல்லை என்றுதானே சொன்னேன்?"

மறுபடி வெட்டினாள். மூன்றாம் வெட்டில் மரம் சாய்ந்தது. அதற்குப் பிறகு அது ஒன்றும் பேசவில்லை.

சாய்ந்த மரத்தை அவள் மூன்றாக நறுக்கினாள். நடுத் துண்டை வெட்டும்போது மட்டைகளுக்கு நடுவில் குலை தெரிந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். வெள்ளை வெளேரென்று, பிறந்த குழந்தையின் விரல்கள் மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. அரிவாள் அதையும் பாதியாக வெட்டியிருந்தது. லசியெம் தோள்துணியால் அதை மூடினாள். துண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"எழுந்திரு" என்று சுமிராவைக் கைப்பிடித்துத் தூக்கினாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த இருவரும் எழுந்துகொண்டார்கள். பலகையை ஒதுக்கித் தள்ளிவிட்டு, கொஞ்சம் இடம் விட்டு மூன்று துண்டுகளையும் வரிசையாகப் போட்டாள். "என் பிள்ளையை இதில் கிடத்துங்கள்."

துகிரனைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்கள் கெர்த்தோவைப் பார்த்தார்கள்.

"இது என்ன வழக்கம்?" என்றார் அவர்.

"இதுவும் மடிதான்."

அவர் வாழைத் துண்டுகளைப் பார்த்தார். வெட்டிய இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. "மரத்தைக் கேட்டாயா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னது?"

லசியெம் குனிந்து தண்ணீர்ப் பானையை எடுத்தாள்.

"சரி என்று சொன்னது" என்றாள்.

துகிரனை வாழையின்மேல் கிடத்தினார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற அது துண்டுகளின் இடையில் வழிந்து மண்ணுக்குள் போயிற்று. யார் மேலும் படவில்லை. சுமிரா கதவைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தாள். அவளை யாரும் கிட்டே விடவில்லை. பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டார்கள்.

பத்து நாள் ஆயிற்று. சுமிராவுக்குக் காய்ச்சல் வரவில்லை. பன்னிரண்டாம் நாளும் வரவில்லை. ஊர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தது. அதற்குள் இன்னும் நான்கு வீட்டில் சாவு விழுந்தது. "சிம்போக் வீட்டு மரம் சம்மதித்ததே, நம் வீட்டு மரமும் சம்மதிக்கும்" என்று அவரவர் அரிவாளோடு தங்கள் வாழையின் முன்னால் போய் நின்றார்கள். "வெட்டலாமா?" என்று கேட்டார்கள்.

எந்த மரமும் பதில் சொல்லவில்லை. ராஜா சொல்லவில்லை, கெப்போக் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காத்து நின்றார்கள். மறுபடியும் கேட்டார்கள். காற்றில் இலை அடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. வீட்டில் பிணம் கிடந்தது. மரம் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று ஒருவன் முதலில் வெட்டினான். பிறகு எல்லோரும் வெட்டினார்கள். காய்ச்சல் மெல்ல மெல்ல ஊரை விட்டுப் போயிற்று.

சுமிராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெட்டிய குளுத்துக்கின் பக்கத்தில் கன்று எழும்பி நின்றது. லசியெம் தினமும் அங்கே போய்க் கை கழுவினாள். தினமும் பேசினாள். குழந்தை குப்புற விழுந்ததைச் சொன்னாள். கெர்த்தோ தம் மனைவியின் மண்மேட்டில் போய் உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். கன்று கேட்டதா என்று தெரியவில்லை.

குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகும்போது அந்தக் கன்று வளர்ந்து குலை ஈன்றது. பழம் மஞ்சளாகப் பழுத்தது. அதுவரை சுமிரா குழந்தைக்கு வேறு எந்தப் பழமும் கொடுக்காமல் வைத்திருந்தாள். லசியெம் ஒரு பழத்தை உரித்து, நுனியைக் கிள்ளி, விரலால் மசித்துக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

குழந்தைக்கு மூச்சு முட்டியது. முகம் நீலமாயிற்று. சுமிரா அலறினாள். லசியெம் குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டி, வாய்க்குள் விரலை விட்டு எடுத்தாள். கறுப்பாக, உருண்டையாக, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கல். குழந்தை அழத் தொடங்கியது.

மிச்சப் பழத்தைப் பிய்த்துப் பார்த்தார்கள். உள்ளே சதையைவிடக் கல்தான் அதிகம். அடுத்த பழத்திலும் அப்படியே. பற்களால் கடித்துப் பார்த்தாள் லசியெம், உடையவில்லை. அது கல் இல்லை, விதை. கிள்ளவும் முடியாமல் நறுக்கவும் முடியாமல் தன் பிள்ளைகளை மரம் அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தது.

லசியெம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்றைக்கு அது சரி என்று சொல்லவில்லை, சுமிரா" என்றாள். "இல்லை என்றுதான் சொன்னது. வயிற்றில் குலை இருக்கிறது என்று சொன்னது. நான் வெட்டிவிட்டு வந்து பொய் சொன்னேன்."

சுமிரா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் தட்டினாள். அழுகை ஓய்ந்த பிறகு சொன்னாள்: "என்னையும் நீங்கள் கேட்கவில்லை, சிம்போக். கேட்டிருந்தால் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு அவரை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது."

"அப்படியானால் இவள் இருந்திருக்க மாட்டாள்."

"தெரியும்" என்றாள் சுமிரா. "அது எனக்குத் தெரியாதா?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரே பானையில்தான் சமைத்தார்கள்.

பல வருடம் கழித்து லசியெம் முதுமையில் இறந்தாள். மடி கொடுக்க சுமிராவும் வளர்ந்த பேத்தியும் இருந்தார்கள். ஆனால் ஊரில் அந்த வழக்கத்தை யாரும் நினைக்கக்கூட இல்லை. சுமிரா அரிவாளோடு பின்பக்கம் போனாள். மரத்தின்மேல் கையை வைத்து, "வெட்டலாமா?" என்று கேட்டாள். அது சொல்லாது என்று தெரிந்தும் வெயில் சுடும்வரை நின்றாள். பிறகு வெட்டினாள்.

ஜாவாவில் இறந்தவரை வீட்டு ஆட்களின் மடிக்குப் பதிலாக வாழைத் துண்டுகளின்மேல் கிடத்திக் குளிப்பாட்டத் தொடங்கியது லசியெம் பொய் சொன்ன அந்தப் பகலில்தான். குளுத்துக் பழத்துக்குள் கல் போன்ற விதைகள் நிறைந்ததும், வெட்ட வருகிறவனுக்கு எந்த வாழையும் பதில் சொல்லாமல் போனதும், பதில் இல்லாததை மனிதர்கள் சம்மதம் என்று வைத்துக்கொண்டதும் அன்று முதல்தான்.